பின் சிலிண்டர்

டப்போவில் கிளம்பும்போது மணி மூன்றரை.
"உப்புப் பெறாத காரியத்துக்கு
உப்பு ஏரிக்கு ஓடுகிறான்" என்று
தங்கை நெரிடா வாசலில் நின்று சொன்னதை
ஹெல்மெட் கேட்டுக்கொண்டது,
ராய்ஸ் கேட்கவில்லை.

நிங்கன். கோபார். வில்கேனியா.
பெயருக்கும் பெயருக்கும் நடுவே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்
சிவப்பு மண், செத்த கங்காரு,
அதன்மேல் குந்தியிருக்கும் கழுகு,
எங்கள் விளக்கைப் பார்த்தும்
எழுந்திருக்காத அதன் அலட்சியம்.
மூன்று பெட்டி இழுக்கும் லாரி எதிரே கடக்கையில்
காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும்.
முன்னால் ராய்ஸின் சின்ன ஹோண்டா.
தொண்ணூறைத் தாண்டினால் இருமும்.
அதில் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பதினெட்டு வருடம் ஒரே ரயில் ஒர்க்‌ஷாப்பில்
கேட்காமலே பழகிவிட்டோம்.

அயர்ன் நாப் தாண்டியதும் தார் முடிந்தது.
மண்ணில் ராய்ஸ் இரண்டு முறை விழுந்தான்.
இரண்டு முறையும்
முதலில் எழுந்தது வண்டி.

கெய்ர்ட்னர் ஏரி.
தண்ணீர் இல்லாததற்குக் கரை எதற்கு?
வெள்ளை. கண்ணைச் சுருக்கினாலும் வெள்ளை.
வெயில் இங்கே கீழிருந்து அடிக்கிறது.
"மூக்குத் துவாரத்துக்குள்ளும் களிம்பு பூசுங்கள்"
என்றாள் டிக்கெட் கிழித்த பெண்.
நான் சிரித்தேன்.
சாயங்காலம் தும்மும்போதெல்லாம்
அவள் ஞாபகம்.

வேகம் பார்க்க வந்த கூட்டம்
நாள் முழுக்கச் செய்வது
காத்திருப்பது.
மடக்கு நாற்காலி, ஈ, ஐஸ் பெட்டி,
ஒலிபெருக்கியில் கரகரப்பு.
தூரத்தில் ஒரு கொடி அசையும்.
கானலில் ஒரு புள்ளி மிதந்து வரும்,
தரையில் கால் படாமல்.
பத்து எண்ணிய பிறகுதான்
அதன் சத்தம் மூச்சிரைக்க வந்து சேரும்.
அப்புறம் புள்ளியும் இல்லை, சத்தமும் இல்லை.
ஒரு துண்டுச் சீட்டில்
எண் எழுதித் தருவார்கள்.

மூன்றாவது நாள், பதினொன்றரை இருக்கும்,
ராய்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தான்.
ஒலிபெருக்கி இன்னும் பெயர் சொல்லவில்லை.
கறுப்பு வின்சென்ட்.
அதன்மேல் பல்லி போல ஒட்டிப் படுத்த ஓர் உருவம்.
ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.
இவ்வளவு தூரம் வந்து
கண்ணை மூடிக்கொண்டவன்
அந்த ஏரியில் அவன் ஒருவன்தான்.

வந்தது. கடந்தது. மெலிந்தது.
நூற்று நாற்பத்து மூன்று மைல் என்றார்கள்,
கைதட்டினார்கள்.
"பின் சிலிண்டர்," என்றான் ராய்ஸ்.
"டாப்பெட் தட்டுகிறது."

நடந்தான். பின்னால் நானும்.
உப்பு காலடியில் நொறுங்கியது,
பொரித்த அப்பளத்தை மிதித்தாற்போல.

கேரின் ஷுல்ஸ், டனுண்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
தோல் உடையை இடுப்புவரை இறக்கிவிட்டு
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
வண்டியை அடிலெய்டில் ஒரு வியாபாரியிடம் வாங்கினாளாம்.
அதற்கு முன் யாரிடம் இருந்ததோ,
அவளுக்குத் தெரியாது.
எனக்கும் அந்த நிமிடம்வரை தெரியாது.
கூரை ஒழுகிய வருடம், வக்கீல் கடிதங்கள் வந்த வருடம்,
திடீரென்று அவன் ரயிலில் வேலைக்கு வரத் தொடங்கிய வருடம்,
மூன்றும் ஒன்று என்பதை
அங்கே உப்பில் நின்று கூட்டிப் பார்த்தேன்.

"பின் சிலிண்டரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராய்ஸ் குனிந்து
வலது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.
கெண்டைக்காலில் ஒரு தழும்பு,
இரண்டு விரல் அகலம், மேல்நோக்கி வளைந்தது.
அவள் அதைப் பார்த்தாள்.
புகைக்குழாயைப் பார்த்தாள்.
பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்து
அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.
"சூடு ஆறட்டும்," என்றான்.
"ஆறினால்தான் அளவு சரியாகக் கிடைக்கும்."

இருந்தது இரண்டு நாற்காலி.
நான் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.
எஞ்சின் டிக் டிக்கென்று
தனக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.
யாரும் பேசவில்லை.
நான் தும்மினேன்.