நாற்பத்தொரு துண்டுகள்

பிறை தொழிற்பேட்டையில்
காற்றுக்கு வீடு கட்டுகிறோம்.
ஒரு மயிரின் குறுக்கே
ஆயிரம் அறை பிடிக்கும்,
அவ்வளவு சிறிய வீடு.

அக்ரிலிக் வில்லையை இரும்புக் கலத்தில் இட்டு
கரியமில வாயுவை அழுத்தி ஊட்டி
இரவெல்லாம் ஊறவிட்டு
காலையில் வால்வைத் திறப்பது என் வேலை.
மெல்லத் திறந்தால்
வாயு யோசித்து யோசித்து
பெரிய குமிழாய் ஊதும்.
சட்டென்று திறந்தால்
எங்கே போவதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே கோடிக் குமிழாகும்.
என் கோபங்களை நான் மெல்லத்தான் திறப்பேன்.
அதனால்தான் அவை
இவ்வளவு பெரிதாய் இருக்கின்றன.

காதுமூடியைக் கழற்றிவிட்டு
சியூ லிங் கேட்டாள்:
"இவ்வளவு சிறுசா இருந்து என்ன லாபம்?"
சூடு ஒரு வம்பு, என்றேன்.
ஒரு காற்றுத் துகள் ஓடிப்போய்
இன்னொன்றின்மேல் இடித்துச் சொன்னால்தான்
அது அடுத்த தெருவுக்குப் போகும்.
ஏறக்குறைய எழுபது நானோமீட்டர் நடந்தால்
துணைக்கு ஒரு துகள் எதிர்ப்படும்.
அறை அதைவிடச் சிறிதானால்
சுவரில் முட்டி, மறுபடி சுவரில் முட்டி,
சொல்ல வந்ததைச்
சுவரிடமே சொல்லித் தீர்க்கும்.

"எங்க பிளாட் மாதிரி," என்றாள்.

நல்ல துண்டு
நீலம் பூசினாற்போல் இருக்கும்.
விளக்குக்கு எதிரே தூக்கினால் மஞ்சள்.
சாயம் எதுவும் சேர்ப்பதில்லை;
பாலத்தில் பைக் ஓட்டி வரும்போது
தீவுக்குப் பின்னால் மாலை செய்வதும்
ஏறத்தாழ இதே வேலைதான்.
வெள்ளை வெளேரென்று வந்தால் தோல்வி.
குமிழ் பெருத்துவிட்டது, தொட்டியில் போடு.

தொட்டியில் கிடந்தவற்றைத்தான் கேட்டேன்.
தோற்றதும் கொஞ்சம் தடுக்கும்.
எடுத்துக்கொள் என்றார் மேற்பார்வையாளர் ஹலிம்,
"எரியும், விளக்குப் பக்கம் ஒட்டாதே"
என்று இரண்டு முறை சொல்லி.

ஆயர் ஈத்தாமில் பதினேழாம் மாடி.
அதற்குமேல் மாடி இல்லை, வெயில்தான்.
பகலெல்லாம் குடித்த கான்கிரீட்
இரவு பதினொன்றுவரை ஏப்பம் விடும்.
அருள்நம்பிக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை,
எப்போதும் இரவு முறை.
அந்தக் கூரைக்கடியில்
ஈரத்துண்டை மார்பில் போட்டுப் பகலில் தூங்குவான்.
ஆறரைக்கு அவன் இறங்குவான்,
ஏழேகாலுக்கு நான் ஏறுவேன்.
பாலத்தில் எங்கோ
ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி
எதிரெதிரே கடந்திருப்போம்.

வந்ததும் மெத்தையில் கை வைப்பேன்.
சுடும்.
அவன் விட்டுப்போன கடிதம் என்று வைத்துக்கொள்வேன்.
எழுதி வைக்கிற பழக்கம்
அவனுக்கு இல்லை.

உள்ளங்கை அகலத் துண்டுகள்.
நாற்பத்தொன்று சேர ஐந்து மாதம் ஆயிற்று.
ஒரு ஞாயிறு, நாற்காலியின்மேல் நான்,
கீழே பசைநாடா கிழித்து நீட்டியபடி அவன்.
ஒரே அறையில் மூன்று மணி நேரம்.
இரண்டு முறை இடித்துக்கொண்டோம்.
மூலையில் ஏழு துண்டு குறைந்தது.
அங்கே துணிக்கொடிதானே, போகட்டும் என்றான்.

திங்கள் மாலை
மெத்தை குளிர்ந்து கிடந்தது.
தலைமாட்டில் இல்லை,
கால்மாட்டில் இல்லை,
அவன் படுக்கும் ஜன்னலோரத்திலும் இல்லை.
அப்படியானால்
மூன்று வருஷமாய் நான் படித்தது
கூரையின் கையெழுத்து.

விளக்குப் போடாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
கீழே யாரோ கருவாடு பொரித்தார்கள்.
பிறகு போர்வையை மடிக்கப் போனேன்.
அதற்கடியில், சுவரோரமாய்,
ஒரு தோளின் அளவுக்கு
இன்னும் இளஞ்சூடு.

அது என் பக்கம்.