வாயில் விழுந்த அறை

இந்த ஊர்ப்பக்கம் ஒரு சொல் உண்டு: காப்ஸ்மாக்ட்.
காப் என்றால் வாய்தான்,
ஆனால் விருந்தாளி முன்னால் சொல்கிற வாய் இல்லை,
"மூடு" என்று அதட்டும்போது வருகிற வாய்.
ஸ்மாக், பளாரென்று ஓர் அறை.
ஆச்சரியம் நேரே வந்து வாயிலேயே போட்டுவிட்டது.
அடித்தது யார் கை என்று சொல்லில் இல்லை.

மிசஸ் ஆக்ராய்ட் அதைச் சில்லறையாகச் செலவழிப்பாள்.
ராச்டேலில் பதினேழாம் எண் பேருந்தை
ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன்,
வாரத்துக்கு நாலு தடவையாவது
படியில் கால் வைக்கும்போதே என் காதில் விழும்.
முட்டைக்கோஸ் விலை கேட்டு, காப்ஸ்மாக்ட்.
இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில், காப்ஸ்மாக்ட்.
பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் வேலிக்குப் பச்சை அடித்தான்,
பச்சை, டிரைவர், பச்சை!
எல்லாவற்றிலும் பெரிய அறை
நான் நேரத்துக்கு வந்துவிடும் நாளில்.
"மணி பத்து இருபது, நீயும் இருக்கே!"
பின்னால் நிற்பவர்கள் நனைந்துகொண்டிருப்பார்கள்.

இத்தனை அறை வாங்கிய வாய்
இன்னும் வீங்கவில்லையே என்று
டிப்போவில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
மருத்துவமனை நிறுத்தம்.
சரியாகப் பத்து இருபது. கதவைத் திறந்தேன்.
பெஞ்சில் இருந்தாள்.
மடியில் ஒரு பழுப்பு உறை, பிரித்தது.
வலக்கை வாயின்மேல்.
கையுறைகூடக் கழற்றவில்லை,
கம்பளி இழை மூச்சில் அசைந்தது.

"நேரத்துக்கு வந்துட்டேன், பாருங்க" என்றேன்.
சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
கை இறங்கவில்லை.
அப்போதுதான் பார்த்தேன்
அறைகிற கை யாருடையது என்று.

நல்ல சேதியா கெட்ட சேதியா, தெரியாது.
இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் மூடிக்கொள்ளும்போல.
வைப்பர் போய்ப் போய் வந்தது.
பின்சீட்டில் யாரோ கடிகாரத்தைத் தட்டினார்கள்.
இரண்டு நிமிடம் நின்றேன், மூன்று,
பிறகு கதவைச் சாத்தினேன்.
அன்று முழுக்க எல்லா நிறுத்தத்துக்கும் தாமதம்.
டிப்போவில் காரணம் கேட்டார்கள்,
டிராஃபிக் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஏறினாள். பாஸைக் காட்டினாள்.
கிளிஃபர்ட் வேலிக்கு மறுபடி வெள்ளையடித்துவிட்டானாம்.
"காப்ஸ்மாக்ட்" என்றாள்,
கொஞ்சம் மெதுவாக,
வாய்ப்புண்காரர் சூடான தேநீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவள் உட்காரும்வரை
வண்டியை எடுக்கவுமில்லை.