அமலுக்கு வரும் நாள்

ஹெலினாவில் ஜூன்.
ஓட்டலின் கீழ்த்தளக் கூடத்தில்
கவுண்டிகளின் அரசு வழக்கறிஞர்கள்
காப்பி ஆறுமுன் உட்கார்ந்துவிட்டார்கள்.
மாரெட் என்ற என் பெயரை
மார்ட் என்று அச்சடித்திருந்தார்கள்.
திருத்தம் கோரவில்லை.
எட்டரையிலிருந்து பத்து வரை எனக்கு.
தொண்ணூறு நாள் பேரவையைத்
தொண்ணூறு நிமிடத்தில் சொல்ல வேண்டும்,
நாளுக்கு ஒரு நிமிடம்.
யாராவது கேள்வி கேட்டால்
ஒரு நாள் போச்சு.

முதலில் களை.
கால்வாய்க் கரையில் முளைப்பதை
யார் பிடுங்குவதென்று
நான் வேலைக்குச் சேருமுன்பே தொடங்கிய சண்டை
இந்த முறை தீர்ந்தது.
'அகற்றலாம்' என்றிருந்ததை
'அகற்ற வேண்டும்' என்றாக்கிவிட்டார்கள்.
ஒரு வினையின் வால்தான் மாறியிருக்கிறது.
பின்வரிசையில் ஆர்லோ ட்வைட்
பேனாவை மூடி வைத்துவிட்டுத்
தன் கவுண்டியில் எத்தனை ஆள், எத்தனை லாரி என்று
விரல்விட்டு எண்ணுகிறார்.
ஒரு கையே போதுமாயிருக்கிறது.

அடுத்தது மாட்டுச் சூட்டுக்குறி.
அடுத்தது, சிறையில் பல்வலி வந்தால்
யார் பணம் கட்டுவது.
அடுத்தது, கூட்ட அறிவிப்பை எப்போது ஒட்டுவது:
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்,
ஞாயிறு கணக்கில் வராது.
ஞாயிறு எப்போது தொடங்குகிறது என்று
சட்டம் சொல்லவில்லை.
சிரிக்கிறார்கள்.
சிரிப்பவர்கள்தான் செப்டம்பரில்
எனக்குப் போன் செய்வார்கள்.

ஒரு சட்டத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது.
உள்ளபடி வாசித்தால்
நாய்களுக்கும் ஷெரீப்புகளுக்கும்
ஒரே தடுப்பூசி.
அடுத்த பேரவை கூட இரண்டு வருடம்.
அதுவரை கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்ல
எனக்கு அதிகாரமில்லை.
சொல்லவில்லை.
கொஞ்சம் நேரம் எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

என் தாளில் இருப்பவை நிறைவேறியவை மட்டும்.
அதுதான் வழக்கம்.
செத்த மசோதாவுக்கு
அமலுக்கு வரும் நாள் கிடையாது.

ஆனால் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
வெர்லா ஸ்கோகன் வந்திருந்தார்,
மரண விசாரணை அதிகாரி,
பனியில் இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு.
அவருக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம்.
கேட்டு யாரும் வராத உடலை
எரிப்பதற்கு முன் பத்து நாள் என்பதை
முப்பதாக்குங்கள் என்றார்.
ஒருவனின் தம்பி
அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் இருந்தானாம்.
செய்தி போய்ச் சேர்ந்து அவன் வந்து நின்றபோது
கொடுப்பதற்கு ஒரு டப்பா இருந்தது,
மூடியில் ஒரு எண்.
சொல்லி முடித்தபோது
இன்னும் நாற்பது வினாடி மீதமிருந்தது.
குளிர்பெட்டிக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்
என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.
ஒன்பதுக்கு ஒன்பது.
சமன் என்றால் தோல்வி.

அந்த மசோதாவின் வாசகம் என்னுடையது.
ஒரு அரைப்புள்ளியும் தவறவில்லை.

பத்தாக நான்கு நிமிடம் இருக்கையில்
அதையும் சொன்னேன்.
எந்தப் பக்கம் என்று தாளைப் புரட்டினார்கள்.
எந்தப் பக்கத்திலும் இல்லை என்றேன்.
கூடத்தில் குளிர்சாதனத்தின் இரைச்சல்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.

ஆர்லோ கை தூக்கினார்.
'இப்போதைய சட்டத்தில் என்ன இருக்கிறது?
பத்து நாள் கழித்து எரிக்க வேண்டுமா,
எரிக்கலாமா?'

மாதக்கணக்கில் அந்தப் பிரிவோடு குடியிருந்தவள் நான்.
பத்தை அடித்து முப்பது எழுதியவள்.
எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன்.
புத்தகத்தைத் திறந்தேன்.

எரிக்கலாம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
இரண்டாம் வரிசையில் ஒரு பெண்
என் தாளின் ஓரத்தில்,
ஊக்கு குத்திய இடத்துக்குப் பக்கத்தில்
ஏதோ எழுதிக்கொண்டார்.
ஆர்லோ மறுபடியும் விரல்விட்டார்,
இந்த முறை குளிர்பெட்டிகளை.
ஒரு விரலோடு நின்றது.

பத்து மணி.
அடுத்து ஓய்வூதியம் பற்றிப் பேசுகிறவர்
ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெர்லாவின் எண்ணைத் தேடியபடி
நான் படியேறினேன்.