விலகி நிற்கும் வேலை

முதல் வாரம்
ருபென் லாக்சோவுக்குப் பக்கத்தில் ஒரு முழத்தில் நின்றேன்.
டுலூத் ஆஸ்பத்திரியின் அடித்தளம், சலவைக்கூடம்.
ஈரச்சூட்டில் என் மூக்குக்கண்ணாடி பூத்துப்போக
துடைக்கத் துண்டெடுத்து நீட்டியவர் அவர்தான்.
வேலை பழக்க வந்தவள் நான்.

நாற்பத்தொரு வயது அவருக்கு.
"நல்ல பையன்" என்றாள் மாடியிலிருந்து வந்த நர்ஸ்.
எந்தப் பையன் என்று
அவரும் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம்
ஜன்னலில்லாத ஒரு பட்டறையில்
பைக்கு ஏழு திருகாணி போட்டு ஒட்டியிருக்கிறார்.
பைக்கணக்கில் கூலி.
மாசச் சம்பளத்துக்குக் கையுறை வாங்கலாம்,
ஒரு கைக்கு மட்டும் என்று சொல்லிச் சிரிப்பார் மார்லிஸ், அவர் அம்மா.
சிரித்து முடித்தபின்
மேஜைத்துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வாரம் இரண்டு எட்டு பின்னால் போனேன்.
ஒரு தட்டுக்குப் பத்துப் போர்வை என்பது கூடத்தின் கணக்கு.
ருபெனின் கை ஏழில் நிற்கும்.
பத்து, என்பேன்.
பத்து, என்பார்.
ஏழில் நிற்கும்.
நான் படம் வரைந்தேன், வண்ண நாடா ஒட்டினேன்,
ராத்திரி தூங்காமல் யோசித்தேன்.
மேற்பார்வையாளர் ஹோதான் ஒருநாள்
பேனாவால் அலமாரிச் சீட்டில் பத்தை அடித்து
ஏழு என்று எழுதிவிட்டுப் போனாள்.
அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரி இடிந்து விழவில்லை.

மூன்றாம் வாரம் உலர்த்தி எந்திரங்களுக்கு அந்தப் பக்கம்.
ஐந்தாம் வாரம் கதவோரம்.
எட்டாம் வாரம், முதல் பனி விழுந்த அன்று,
வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள்
செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
என் தொழிலில் தேர்ச்சி என்பது
தேவைப்படாமல் போவது.
இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மணிக்கணக்குச் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை
சம்பளச் சீட்டை மடிக்காமல் ஏந்தி வந்தார்.
மொத்தத்தைக் காட்டவில்லை.
வரி பிடித்த வரியைக் காட்டினார்.
பஸ் ஓட்டுநருக்குக் காட்டினார்.
"பனி அள்ளும் லாரி இருக்கில்ல,
அதுல கொஞ்சம் என்னது."

செவ்வாயும் வியாழனும் வேலையில்லை,
பகல் மையத்துக்குப் போகிறார்.
நீச்சல், தாயக்கட்டை மாதிரி ஏதோ ஓர் ஆட்டம்,
அதில் அவர் கள்ளாட்டம் ஆடுவதாகப் புகார்.
அங்கே இந்த வருஷம் புதிதாக ஒரு கூடம் கட்டி
பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
நாடா வெட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.
காத்திருப்போர் பட்டியல்
நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது,
நூற்று நாற்பது பேராக.

அதில் தொண்ணூற்று மூன்றாவது, காரின் வெஸ்ட்பி.
பள்ளி முடிந்து ஐந்து வருஷம்.
அதே சமையலறை, அதே ஜன்னல்.
பகலில் துணை வேண்டுமே என்று
அவள் அப்பா ராத்திரி வேலைக்கு மாறி
இப்போது இரண்டு வேளையும் தூங்குவதில்லை.
ருபெனிடமிருந்து மிச்சமான என் நேரத்தை
இவளுக்கு எழுதியிருக்கிறார்கள்.

படிவத்தில் 'விருப்பங்கள்' என்ற இடத்துக்கு
அரைவிரல் அகலம்.
நான் பேனாவைத் திறப்பதற்குள் சொல்லத் தொடங்கினாள்:
பாலம் எந்நேரம் தூக்கும், எந்தக் கப்பல் நுழையும்,
எதில் நிலக்கரி, எதில் இரும்புத்தாது,
எந்தக் கப்பல் போன வருஷம் வரவேயில்லை.
படிவம் தீர்ந்து, என் கையுறைப் பொட்டலத்தின் பின்புறம் தீர்ந்து
இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்துப் பார்வையாளர் கூடத்தில்
கப்பல் நேரம் எழுதும் கரும்பலகை ஒன்று
எழுத ஆளில்லாமல் தொங்குகிறது.
கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.
ஜனவரியில் ஏரி உறைந்துவிடும்,
கப்பல் நின்றுவிடும்,
அதற்குள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறேன்.

காரினுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.
ஒரு முழத்தில் நிற்கிறேன்,
என் பக்கம் திரும்பாமல் கேட்கிறாள்,
தாமதமாக வரும் கப்பலுக்கு
என்ன நிற சாக்பீஸ் என்று.