குறி திரும்பும் இடம்

ரூவியில் மூன்றாம் மாடி, ஐந்து கட்டில் அறை.
செலஸ்டினுக்குப் பெட்டி கட்டுகிறோம்.
முப்பது கிலோவுக்கு மேல் ஒரு சோப்புக்கட்டி கூடாது.
பால்பவுடர் டின் ஒன்று இரண்டரை.
வகுத்தேன்:
அதிகபட்சம் பன்னிரண்டு,
அட்டைக்கு எடையில்லை என்று வைத்துக்கொண்டால்.

"வெச்சுக்கிட முடியாதே" என்று
இரண்டு டின்னை வெளியே எடுத்தான்.

பேனா கையில் இருந்தது.
பெட்டியின் மூடாத மடலில்
என் கணக்கையும் போட்டேன்.
கடன், மைனஸ் ஆயிரத்து இருபது ரியால்.
மாதம் கழிவது மைனஸ் எண்பத்தைந்து.
போகப் போக அந்தப் பள்ளத்தைத் தொட வேண்டும்,
தாண்டினாலும் சரி:
−85x ≤ −1020
இரு பக்கமும் மைனஸ் எண்பத்தைந்தால் வகுக்க
x ≤ 12

அதிகபட்சம் பன்னிரண்டே மாதம்!
அந்தச் சந்தோஷத்தில்
அறைக்கே சுலைமானி போட்டேன்.

டேப்பைப் பல்லால் கடித்தபடி எட்டிப் பார்த்தான் செலஸ்டின்,
ஐடிஐ கணக்கில் இரண்டு முறை பெயிலானவன்.
"மைனஸால வகுத்தா வாயைத் திருப்பணும்லே."
அவனே திருப்பினான்.
x ≥ 12
எண்ணில் ஒரு கீறல் மாறவில்லை.
அதிகபட்சம் மட்டும்
குறைந்தபட்சம் ஆகிவிட்டது.

டீ நன்றாக இருக்கிறது என்றான் யாரோ.
மடலை மடக்கி அதன் மேலேயே டேப் ஓட்டினோம்.
இன்று இரவு என் கணக்கு
திருவனந்தபுரத்தில் இறங்கும்.

மிஞ்சிய இரண்டு டின்னைக்
கட்டிலடியில் தள்ளுமுன்
கவிழ்த்துத் தேதி பார்த்தேன்.
பதினொரு மாதம்தான் தாங்கும்.