மண்டையில் ஏறாதது

கணக்கு வாத்தியார் அன்று சொன்னதையே
சப்போரோ மருத்துவமனையில்
எண் போட்டுச் சொன்னார்கள்.
பூஜ்யம் புள்ளி இரண்டு ஏழு.
என் மண்டையில் ஏறாது.

காதுக்கு எட்டாத ஒலியை
ஆயிரத்துச் சொச்சம் முனைகளிலிருந்து அனுப்பி
மூளையின் நடுவே ஒரு மிளகளவு இடத்தில்
கூடவைப்பார்கள். அங்கே சூடேறும்.
சூடேறினால் கை நடுங்காது.
என் எலும்போ உள்ளே கடற்பஞ்சு.
வந்த ஒலியெல்லாம்
வழியிலேயே திசைக்கொன்றாய்ப் பிரிந்துபோகும்.

தங்கை தொகிகோவுக்கு ஐந்து ஆறு.
கெட்டி எலும்பு.
அவள் எனக்குத் துணைக்கு வந்தவள்.
அப்பா விட்டுப்போன நடுக்கம்
எங்கள் இருவருக்கும் சரிபாதி என்பதால்
போகிறபோக்கில் அவளையும் படம் எடுத்தார்கள்.
துணைக்கு வந்தவளுக்கு இலை போட்டுவிட்டு
அழைப்பிதழோடு வந்தவனை
வாசலில் நிறுத்தினார்கள்.

இதில் வேடிக்கை,
இருபத்தாறு வருஷம்
ஹகோதாதேயின் கணவாய்ப் படகில்
என் வேலையே ஒலியைப் படிப்பதுதான்.
கடலடிக்கு அனுப்புவேன்.
திரும்பி வருவதைத் திரையில் பார்த்து
விளக்குகளை எங்கே ஏற்றலாம் என்பேன்.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற தொகிகோ
ஐம்பத்தெட்டு வயதில் மொட்டைத் தலையோடு வந்தாள்.
நான்கு திருகாணிகளில் சட்டகம்.
தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
எனக்கு முன்னால் இயற்பியல்காரி மினோவா,
செருப்பைக் கழற்றிவிட்டு,
பாதி தின்ற சோற்றுருண்டையை மறந்து,
வெப்பக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு முறைக்கும் நடுவே
கையில் ஓர் அட்டையைக் கொடுத்து
சுருள் வரையச் சொன்னார்கள்.
முதல் சுருள், பூனை விளையாடிய நூல்கண்டு.
நாற்பத்தாறு பாகை.
"நாக்கு மரக்கிறதா?" "இல்லை."
ஐம்பத்தொன்று.
"படகில் நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்,
என் படகில் ஒருநாளும் ஏறாதவள்.
ஐம்பத்தேழு. பதின்மூன்று விநாடி.

நான்காவது சுருளில்
கோடு கோடாகவே போனது.

முதலில் எனக்கு வயிறு எரிந்தது.
கண் கலங்கியது அதற்கும் பிறகுதான்.

அன்றிரவு அவள் வலக்கையால்
என் கிண்ணத்தில் விளிம்புவரை சூப் ஊற்றினாள்.
சிந்தவில்லை. இன்னொரு முறை ஊற்றினாள்,
நான் கேட்காமலே.
இடக்கையை அவர்கள் தொடவில்லை.
அது மேசைக்கடியில், மடியில்,
என் கைகளோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நடைவழியில் மினோவா நிறுத்தினாள்.
"உங்கள் மண்டையை எங்களுக்குத் தருவீர்களா?"
"இப்போதேவா?" என்றேன்.
அவள் காது சிவந்துவிட்டது.
படங்களை வைத்துப் பிசினில் ஒரு நகல் செய்வார்களாம்.
என்னைப் போன்றவர்களைத்தான்
திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறோம், என்றாள்,
ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாமல்.
ஒப்புதல் தாளில் தொகிகோ கைபிடிக்க வந்தாள்.
வேண்டாம் என்றேன்.
அலை வாங்கிய கையெழுத்துதான்,
ஆனாலும் என்னுடையது.

ஜனவரியில் போய்ப் பார்த்தேன்.
வெளியே இடுப்பளவு பனி.
உள்ளே கண்ணாடித் தொட்டியில்
தலைகீழாக மிதந்தது என் தலை,
எழுத்து ஏதும் இல்லாமல்.
நடுவே ஊசி போல ஒரு ஒலிவாங்கி.
எந்த முனை முந்த வேண்டும்,
எது ஒரு துளி பிந்த வேண்டும் என்று
மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.
கூடி வந்தால் நடுவில் ஒரு புள்ளி விழ வேண்டும்.
திரையில் விழுந்தது சிதறல்.
"இன்றும் ஒன்றுமில்லை" என்றாள் மினோவா.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
கணவாய்க்கு உடம்பில் காற்றுப்பை கிடையாது.
அதன் எதிரொலி மெலிசு.
பழகாதவன் வெறும் தண்ணீர் என்று
படகைத் திருப்பிவிடுவான்.
"அந்த இடது ஓரம்" என்றேன்.
காட்டிய விரல் நடுங்கியதால்
எந்த ஓரம் என்று
அவள் இரண்டு முறை கேட்டாள்.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
மறுபடி அனுப்பினாள்.