ஒறம்பரை

தெல்மி வந்து இறங்கியபோது
பதினஞ்சு வேலம்பாளையத்தில் கரண்ட் இல்லை.
மாதாந்திரப் பராமரிப்பு.
சங்கத்து மாடியில் நாற்பத்தேழு பெண்கள்
பனியன் பெட்டி அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டு.

ஹோண்டுராஸ் எங்கே இருக்கிறது என்று
முந்தின நாளே கேட்டிருந்தாள் மாராத்தாள்.
"அமெரிக்காவுக்குத் தெக்காலீங்க."
"அப்பப் பல்லடத்துக்கும் அந்தாண்ட."
எந்த ஊர்க்காரி ஆனால் என்ன, வீடேறி வந்தால் ஒறம்பரை.
விடியுமுன்னே ஒப்புட்டு சுட்டு
தூக்குப்போசியில் அடுக்கிவிட்டிருந்தாள்.

தெல்மி பேசுவது ஸ்பானிஷ்.
கூட வந்த புனேக்காரப் பெண் அதை இங்கிலீஷாக்க,
இங்கிலீஷை நான் தமிழாக்க,
தமிழை ஒடியாவாக்கினாள் கடைசி வரிசையில் ஜூனு,
கஞ்சத்திலிருந்து வந்த பதினோரு பிள்ளைகளுக்கு.
ஒரு வேடிக்கைப் பேச்சு அறையைக் கடக்க
ஒன்றரை நிமிடம் ஆயிற்று.
முன்வரிசை சிரித்துக் கண்ணைத் துடைக்கும்போது
பின்வரிசை தொடங்கும்.
அதுவரை தெல்மி காத்திருந்தாள்,
ரேஷன் கடையில் பேர் கூப்பிடட்டும் என்று
நிற்பவளைப் போல.

"பதினாறு வருஷம் காலர் வைத்தேன்.
வாயைத் திறந்தேன், வெளியே தள்ளினார்கள்.
வேலை கேட்டுப் போன வாசலிலெல்லாம்
எனக்கு முன்னால் என் பெயர் போய் உட்கார்ந்திருந்தது."
இதைத் தமிழாக்க எனக்குச் சிரமமே இல்லை.
மூன்று வருஷம் முன்னால்
மாராத்தாளுக்கு நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பிறகு நகராட்சித் தேர்தலில் நின்றாளாம்.
நாற்பத்தொரு ஓட்டில் தோல்வி.
அழுதீங்களா என்று யாரோ கேட்டார்கள்.
இல்லை, அந்த ராத்திரியே
எந்தெந்தத் தெரு கைவிட்டது என்று
நோட்டில் எழுதினேன் என்றாள்.

மாராத்தாள் எழுந்தாள்.
அவள் ஜெயித்தவள்.
அவிநாசிப் பக்கம் ஓர் ஊராட்சி, மூன்றாவது வார்டு.
"நீங்க தோத்தும் நிக்கறீங்க.
நானு ஜெயிச்சும் கீழதான் உக்கார்றனுங்க."

கீழே.
இதற்கு நான் படித்த இங்கிலீஷில் சொல் இல்லை.
தரையில் என்றேன்.
புனேக்காரி ஏதோ சொன்னாள்.
தெல்மி புருவம் சுருக்கி,
உங்கள் ஊரில் தரையில் உட்கார்வது வழக்கம்தானே
என்று திருப்பிக் கேட்டாள்.
முன்வரிசையில் அட்டைகள் நின்றுவிட்டன.

ஜூனுதான் எழுந்து வந்தாள்.
எட்டு நாற்காலியை வட்டமாக இழுத்துப் போட்டாள்.
ஒன்பதாவதாக, வாசலோரம், தன் துப்பட்டாவை விரித்தாள்.
மாராத்தாளைக் கைகாட்டினாள், துப்பட்டாவைக் கைகாட்டினாள்.
ஒரு மொழியும் பேசவில்லை.

தெல்மி அதைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள் என்றுதான் தோன்றியது.
பரிதாபப்படுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்;
பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.
"பாயை விரிப்பது யார்? அவர் பெயர்?"

"ஒவ்வொரு கூட்டத்துக்கும்
நானேதானுங்க விரிச்சுக்கறேன்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஜூனு மட்டும் பின்வரிசைக்குச் சொல்லிவிட்டாள் போல.
பதினோரு தலைகள் குனிந்தன.

அப்புறம் கரண்ட் வந்தது.
மின்விசிறிக் காற்றில் கையெழுத்துத் தாள்கள் பறக்க
ஆளாளுக்குப் பொறுக்கினோம்.
ஒப்புட்டை இரண்டாக மடித்து
தெல்மி நின்றபடியே நாலு தின்றாள்.
ஐந்து மணி சுமாருக்குக் கோயமுத்தூர் போய்விட்டாள்,
ஏரோப்ளேன் ஏற.

செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து
பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தாள் மாராத்தாள்.
பொருள் வழங்கும் பதிவேட்டைக் கேட்டாள்.
நாற்காலி: ஒன்று. நிறம்: சிவப்பு.
திருப்பித் தரும் தேதி என்ற இடத்தில்
மூன்று வருஷம் தள்ளி ஒரு தேதி எழுதினாள்,
அவள் பதவிக்காலம் முடியும் நாள்.

"அதுல ஒரு கால் விரிசலுங்க," என்றேன்,
"உக்காந்தா ஆடும்."

"ஆடுனா ஆடிட்டுப் போகட்டும்,"
மொபெட்டின் பின்னால் அதைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே,
"முடிச்சைக் கொஞ்சம் புடிங்க."